குறிப்புப் பத்தியில் இரண்டு எழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் அதே இடத்தில்தான் ஒழுகுகிறது, உன் அம்மா வைக்கும் அதே குண்டானைத்தான் வைத்திருக்கிறேன். தம்பி போன வாரம் வந்து மாத்திரை எல்லாம் வாங்கி வைத்துவிட்டுப் போனான். சர்க்கரை 140க்குள் இருக்கிறது.

நான் ஊர் திரும்பி ஒன்பது ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. உனக்கு வேலை அதிகமாக இருக்கும். நான் அனுப்பும் செய்திக்கெல்லாம் கட்டைவிரல் படம் வருகிறது, பார்க்கிறாய் என்று தெரிகிறது, அதுவே போதும். போனில் கேட்டால் "சரிப்பா, சாப்பிட்டியாப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

முதலில் ஜார்ஜியாவில் மாப்பிள்ளை குடும்பத்து நிலத்தின் கோர்ட் விஷயம். மாப்பிள்ளை அனுப்பிய நோட்டீஸைத் தம்பியை வைத்துப் படித்துப் பார்த்தேன். வக்கீல் சொல்லாமல் எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்து போட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டு அத்தையம்மாவிடம் இதை இரண்டு தடவை சொல். எதிர்த் தரப்பிலிருந்து வருகிறவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். வீட்டுக்கே வருவார்கள், பழக்கூடையோடு வருவார்கள். "சும்மா ஒரு ஒப்புதல்தான்" என்பார்கள். 87 வயது மனுஷி, தனியாக இருக்கிறார், கண்ணும் சரியில்லை. படிக்காமல் கையெழுத்து போடவே கூடாது.

கணக்கை உனக்குத் தெளிவாக எழுதிவிடுகிறேன், நீ ஒரு முறை உட்கார்ந்து பார். அத்தையம்மாவின் தாத்தா 1905ல் வாங்கியது லேண்ட் லாட்டில் கால் பங்கு. முழு லாட் 202½ ஏக்கர், அதில் கால் பங்கு 50 ஏக்கரும் சொச்சமும். அவர் 1924ல் உயில் எழுதாமல் போனார். மனைவி முன்னமே போய்விட்டார். பிள்ளைகள் ஆறு பேர், ஆளுக்கு ஆறில் ஒன்று. டெட்ராய்ட் போனவருக்குப் பிள்ளைகள் நாலு, அப்படியானால் இருபத்து நாலில் ஒன்று. அந்த நாலில் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள், நாற்பத்தெட்டில் ஒன்று. அந்தப் பையன்தான் விற்றிருக்கிறான். அதாவது ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் எதிர்த் தரப்பு கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு, பிரிக்க முடியாத சொத்து, மொத்தத்தையும் விற்றுப் பணமாகப் பங்கு போட்டுக் கொடுங்கள் என்று கேஸ் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பிரிபடாத பாகத்தை ஒருவன் வாங்கிக்கொண்டு பாகப்பிரிவினை வழக்கு போடுவதைப்போலத்தான். எனக்கு அதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷே தேவைப்படவில்லை.

ஆனால் ஜார்ஜியாவில் 2012ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். வாரிசுச் சொத்து என்று நிரூபித்தால் கோர்ட் முதலில் நிலத்தை மதிப்பீடு செய்யவேண்டும், மற்ற பங்காளிகள் அந்தப் பங்கை விலை கொடுத்து எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கவேண்டும். ஒரு ஏக்கர் விலைதானே, நீங்கள் எல்லோரும் சேர்ந்தால் முடியும். நானும் தருகிறேன். அம்மாவின் வளையல் இரண்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதற்கு முன்னால் யார் யார் வாரிசு என்று ஒரு கிளையும் விடாமல் காட்ட வேண்டும். அதற்காகத்தானே அந்த ஆறு மாதம் மாரோ ஊர் ஆவணக் காப்பகத்துக்கும் கவுண்டி கோர்ட் ஹவுஸுக்கும் அலைந்தோம்.

நாம் என்று எழுதுகிறேன். எனக்கு அந்தக் குடும்பத்தை "நாம்" என்று எழுத உரிமை இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். உன் கல்யாணத்துக்கு வராதவன் நான். உன் அம்மா பட்டுப்புடவையை மடித்து வைத்துக்கொண்டு டிக்கெட் போடச் சொன்னபோது, "அவங்க என்ன ஆளுங்க, குடும்பம் எப்படின்னே தெரியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். உன் காதில் அது விழுந்தது என்று அம்மா பின்னால்தான் சொன்னாள். குடும்பம் எப்படி என்று கேட்டவனுக்கு ஆண்டவன் அதைப் பக்கம் பக்கமாகப் படிக்க வைத்துவிட்டான்.

முப்பத்து நாலு வருஷம் வி.ஏ.ஓ. வேலை பார்த்தவன் நான். சிட்டா, அடங்கல், வாரிசு விசாரணை, இதெல்லாம் எனக்குச் சோறு மாதிரி. அங்கே போய் மைக்ரோஃபிலிம் மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் நம் தாலுகா ஆபீஸ் ரெகார்ட் ரூமில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. பென்சில் மட்டும்தான் உள்ளே எடுத்துப்போகலாம் என்றபோது சந்தோஷமாக இருந்தது, ஆவணத்தை மதிக்கிறவர்கள் என்று. மாப்பிள்ளையும் நல்ல பொறுமைசாலி. அந்தச் சாய்வெழுத்து எனக்குப் பிடிபடாதபோது எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னார். உனக்கு நல்ல துணை கிடைத்திருக்கிறது. அதை நான் உன்னிடம் நேரில் சொல்லவில்லை.

1950ஆம் வருஷத்து சென்சஸிலிருந்து பின்னோக்கிப் போனோம். அங்கே 72 வருஷம் கழித்துத்தான் சென்சஸ் தாளைப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள், அதனால் 1950தான் கடைசி. அதில் அத்தையம்மா பன்னிரண்டு வயதுப் பெண். தன் பெயரை அந்தத் தாளில் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நீயும்தான் பார்த்தாய். 1940, 1930, 1920 எல்லாம் சுலபமாகக் கிடைத்தது. 1910ல் தாத்தா பெயருக்கு நேரே சொந்தமா வாடகையா என்ற கட்டத்தில் "ஓ" என்று ஒரு எழுத்து, சொந்தம். அதே கட்டத்தில் 1900ல் "ஆர்", வாரம் கட்டிப் பயிர் செய்கிறவர். அந்த ஓர் எழுத்து மாறுவதற்கு அவர் எத்தனை பருத்தி மூட்டை கொடுத்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த 1900ஆம் வருஷத் தாளில்தான் அவர் மனைவி பெயருக்கு நேரே 11, 6 என்று இரண்டு எண். பெற்றது பதினொன்று, உயிரோடு இருப்பது ஆறு. ஒரு கேள்வியாக வைத்து எல்லாப் பெண்களிடமும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு ஒன்பது, நாலு. நம் ஊரில் எந்தக் கணக்கிலும் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ ஹாலில் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஜெட் லேக்காப்பா என்றாய், ஆமாம் என்றேன். வந்து மூன்று மாதமாகியிருந்தது அப்போது.

1890 சென்சஸ் கிடையாது. 1921ல் வாஷிங்டனில் தீப்பிடித்து அதில் பெரும்பகுதி நாசமாகி, மிச்சத்தையும் பின்னால் அழித்துவிட்டார்களாம். 1880க்கும் 1900க்கும் நடுவில் இருபது வருஷம் இருட்டு. மாப்பிள்ளை கையை விரித்துவிட்டார். நான்தான் வரிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். எந்த அரசாங்கமாக இருந்தாலும் வரி வாங்கின கணக்கைத் தொலைக்காது. கேட்டால், ஜார்ஜியாவில் வருஷா வருஷம் எழுதிய வரிப் பட்டியல் இருந்தது! மிலிஷியா டிஸ்ட்ரிக்ட் வாரியாக, நம் ஃபிர்கா மாதிரி. வெள்ளைக்காரர்கள் பெயர் முடிந்த பிறகு கடைசியில் "ஃப்ரீட்மென்", விடுதலையான அடிமைகள், என்று தனித் தலைப்பு. 1874ல் தாத்தா பெயர் முதன்முதலாக வருகிறது. தலைவரி ஒரு டாலர், சொத்துக் கட்டங்கள் எல்லாம் காலி. ஐந்து வருஷம் கழித்துக் கால்நடைக் கட்டத்தில் ஒரு தொகை. அடுத்த வருஷம் அதுவும் இல்லை. மாடு செத்ததோ, கோவேறு கழுதையைக் கடன்காரன் ஓட்டிக்கொண்டு போனானோ. மறுபடி வருகிறது. ஒரு மனுஷன் எழுந்து, விழுந்து, எழுந்ததை வருஷத்துக்கு ஒரு வரியாகப் பார்த்தேன். நீ என் வேலையைப் பற்றி "பழைய நோட்டைப் புரட்டுற வேலை" என்று காலேஜில் படிக்கும்போது சொன்னாய். வருத்தமில்லை, ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

கிரயப் பத்திரத்தைக் கோர்ட் ஹவுஸ் ரெகார்ட் ரூமில் எடுத்தோம். விற்றவனிடமே பாதிக்கு மேல் கடன் வைத்துத்தான் வாங்கியிருக்கிறார். அந்த அடமானப் பத்திரத்தின் அடியில் அவர் கையெழுத்து இருக்கும் இடத்தில் சிலுவை போல ஒரு கீறல், மேலே கீழே "இன்னார் கீறல்" என்று குமாஸ்தா எழுதிய எழுத்து. நம் தாத்தா காலத்துப் பத்திரங்களில் தற்குறி என்று போடுவார்களே, அதே. படிக்காதவனைத் திட்ட அந்த வார்த்தையைத்தான் நான் ஆபீஸில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தற்குறி ஏழு வருஷத்தில் கடனை அடைத்து, 1912ல் அடமானத்தை ரத்துசெய்து பத்திரப் புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார். கூன்வண்டு வந்து பருத்தியை அழிக்கத் தொடங்கியது 1915ல். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே நிலத்தை மீட்டுவிட்டார்.

அவர் மகன், அத்தையம்மாவின் அப்பா, 1917 ஜூனில் பட்டாளத்துக்குப் பெயர் பதிந்த அட்டை இருக்கிறதே, அதை எனக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை. அட்டையின் ஒரு மூலை கிழிந்திருக்கும். பழசாகிக் கிழிந்ததில்லை. ஆப்பிரிக்க வம்சாவளி என்றால் இந்த மூலையைக் கிழித்துவிடவும் என்று அச்சிலேயே போட்டிருக்கிறது. தாளைத் தூர வைத்துப் பார்த்தாலே யார் என்று தெரிய வேண்டும் என்று. ஆனால் அதே அட்டையில் அந்தப் பையன் தன் கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறான், வட்ட வட்டமாக, அழுத்தி. அந்தக் குடும்பத்தில் நமக்குக் கிடைத்த முதல் கையெழுத்து அது. அத்தையம்மா விரலால் அதன் மேலேயே எழுதிப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில்.

சரி. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எதற்கு மறுபடி எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ பார்க்காத ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

1870 சென்சஸில் அத்தையம்மாவின் தாத்தாவுக்கு வயது 18, பக்கத்து வரியில் 40 வயதுப் பெண். உறவு என்ன என்று எழுதும் பத்தி அந்த வருஷம் கிடையாது, 1880ல்தான் வந்தது. விடுதலையான ஜனங்களைப் பெயர் சொல்லி எழுதிய முதல் சென்சஸே 1870தான். அதற்கு முந்தைய 1860ல் அடிமைகளுக்குத் தனி அட்டவணை, அதில் உடைமைக்காரன் பெயர் மட்டும் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெண், 30. ஆண், 8. அவ்வளவுதான். வயது ஒத்துப்போகிறது, ஆனால் இப்படி ஒத்துப்போவதை வைத்து வாரிசு அறிக்கை எழுத முடியாது. அதனால் அந்த உடைமைக்காரன் செத்தபோது எடுத்த சொத்துப் பட்டியலைத் தேடினோம். அன்று நீ ஆபீஸ் போய்விட்டாய். மாப்பிள்ளையும் நானும் அத்தையம்மாவும் மட்டும்.

பட்டியல் கிடைத்தது. லெட்ஜரை வேகமாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததால் நான்தான் முதலில் பார்த்தேன். கோவேறு கழுதைகள், ஒவ்வொன்றும் விலையோடு. ஒரு ஜோடி எருது. வண்டி. அதற்குக் கீழே அந்தப் பெண்ணின் பெயர், "அவளும் பிள்ளையும்" என்று, இருவருக்கும் சேர்த்து ஒரே விலை. அதற்குக் கீழே இரும்புக் கொப்பரை. கையெழுத்து அழகாக இருந்தது, பாப்பா. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. தொகை சரியாகக் கூட்டியிருந்தது. நானே கூட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். எழுதியவன் ராத்திரி வீட்டுக்குப் போய்க் கை கழுவிச் சாப்பிட்டிருப்பான். தன் வேலையைச் சுத்தமாகச் செய்தோம் என்று நினைத்திருப்பான்.

அத்தையம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து படித்தார். அழவில்லை. "தாயும் மகனும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறார்கள், அப்படியானால் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள்" என்றார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி. மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்தக் கூட்டல் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிலமே அதற்கு முன்னால் கிரீக் பூர்வகுடிகளுடையது என்றும், அவர்களிடமிருந்து எடுத்து 1827ல் லாட்டரிச் சீட்டுக் குலுக்கி 202½ ஏக்கர் துண்டுகளாகக் கொடுத்தார்கள் என்றும் மாப்பிள்ளை பிறகு காரில் சொன்னார். எங்கே பிடித்து இழுத்தாலும் ஒரு குமாஸ்தாவின் கையில்தான் வந்து நிற்கிறது.

நான் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரிக்கு வருகிறேன். நீ வத்தக்குழம்பு வைத்திருந்தாய், அத்தையம்மா சோளரொட்டி கொண்டுவந்திருந்தார். 1920ல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் ஒன்பது லட்சத்துக்கும் மேல், இன்றைக்கு ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையம்மா என்னைப் பார்த்து, "உங்கள் ஊரிலும் ஏழைகளின் நிலம் இப்படித் தாளிலேயே காணாமல் போகுமா? நீங்கள் அந்த வேலையில் இருந்தவர் ஆயிற்றே" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ரெகார்ட் எல்லாம் பக்கா, அப்படி நடக்காது என்றேன். நீ கரண்டியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாய். ஏர்போர்ட்டில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஒன்பது ஞாயிறும் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறது. 1999, ஜூன் மாதம், உனக்குப் பதினொரு வயது. மேட்டுத்தெரு வீடு. ஒரு பெரியவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார், மஞ்சள் பையில் தாள்களோடு. நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். "அப்பா இல்லைன்னு சொல்லு" என்றேன். நீ போய்ச் சொன்னாய். அடுத்த வாரமும் வந்தார். மறுபடி உன்னைத்தான் அனுப்பினேன்.

அவருடையது ஒரு ஏக்கர் நாற்பது சென்ட். பஞ்சமி நிலம். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலைமையை எழுதி, அதன் பேரில் 1892ல் அரசாணை போட்டு, ராஜதானி முழுக்க ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கரை ஒப்படை செய்தார்கள் என்பார்கள். அதில் ஒரு துண்டு. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று நிபந்தனை. பழைய பதிவேட்டில் குறிப்புப் பத்தியில் "டி.சி." என்று, அதாவது டிப்ரஸ்ட் கிளாஸ், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த நிலம் என்று, சிவப்பு மையில் இரண்டு எழுத்து இருந்தது. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் வந்து புதுப் பதிவேடு எழுதினபோது அந்த இரண்டு எழுத்தும் விடுபட்டுப்போனது. யாரோ ஒரு குமாஸ்தா. தெரியாமல் விட்டானா தெரிந்து விட்டானா, அது எனக்குத் தெரியாது.

என் மேஜையில் அன்றைக்கு இரண்டு பதிவேடும் இருந்தன. பழையது இடது பக்கம், புதியது வலது பக்கம். மனை போடுகிறவர் பெயரில் பட்டா மாற்ற என்னிடம் அறிக்கை கேட்டார்கள். பழையதைத் திறந்து பார்த்தேன், சிவப்பு மையைப் பார்த்தேன். மூடினேன். "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடங்கலில் அனுபவம் அவர்களுடையது என்றும் எழுதினேன். அப்போது அந்தப் பெரியவர் அதில் கேழ்வரகு போட்டிருந்தார். ஐந்து வருஷம் முன்னால், 1994ல், காரணையில் இதே பஞ்சமி நிலத்துக்காகத் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்திருந்தார்கள். எனக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லவே முடியாது. மாவட்டத்தில் எல்லா வி.ஏ.ஓ.வுக்கும் தெரியும்.

காசு வாங்கவில்லை என்று உன் அம்மாவிடம் சத்தியம் பண்ணினேன். அது உண்மை. ஆனால் அந்த ஜூன் மாதம் உனக்கு ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்ததே, நானும் அம்மாவும் மூன்று தடவை போய்க் கிடைக்காத இடம். அந்த மனை போடுகிறவர் ஒரு போன் செய்தார். அம்மாவுக்கு இது கடைசிவரை தெரியாது. உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ படித்தது உன் மூளையால், உன் உழைப்பால். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டீ போட்டுக்கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா. அதில் உனக்கு ஒரு பங்கும் பாவமில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது.

இங்கே வந்த மறுவாரம் ஆன்லைனில் சிட்டா எடுத்தேன். நாற்பது மனையாகிவிட்டது, ஒரு கோயிலும் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய பதிவேட்டு நகல் கேட்டு மனு போட்டிருக்கிறேன். போன வியாழக்கிழமை காலனிக்குப் போனேன். இத்தனை வருஷ சர்வீஸில் கணக்கெடுக்கப் போனதைத் தவிர அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. பெரியவர் 2006லேயே தவறிவிட்டாராம். பேரன் ஒரகடத்தில் கம்பெனி ஷிப்டுக்குப் போயிருந்தான். அவன் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டது, தண்ணீர் கொடுத்தது. யாரென்று சொல்ல என்று கேட்டது. பழைய வி.ஏ.ஓ. என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தது. இவ்வளவு நாளாக வைத்திருக்கிறார்கள். தீர்வை ரசீது 1938லிருந்து இருக்கிறது, ஒரு வருஷம் தவறாமல். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருப்பான். போய்ச் சொல்லப் போகிறேன். கலெக்டருக்கு அவர்கள் மனு கொடுத்தால், அன்றைக்கு இரண்டு பதிவேடும் என் மேஜையில் இருந்தன என்று நானே எழுத்துமூலமாகக் கொடுப்பேன். தம்பியிடம் சொன்னேன், பென்ஷனில் கைவைப்பார்கள் அப்பா, இந்த வயதில் எதற்கு என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கொடுப்பேன்.

அத்தையம்மாவிடம் நீ சொல்லலாம். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல். உன் வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே இங்கிலீஷில் மாற்றிப் படித்துக் காட்டு.

குளிர் ஆரம்பித்திருக்கும், அந்த நீல ஸ்வெட்டரைப் போடு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடு, காபி குடித்துவிட்டுச் சாப்பிடாதே. வாரிசுப் பட்டியலில் டெட்ராய்ட் கிளையின் இரண்டாவது மகள் பெயர் இன்னும் விடுபட்டிருக்கிறது, அவள் திருமணப் பதிவைத் தேடச் சொல். ஒரு பெயர் விட்டாலும் பட்டியல் நிற்காது. மறுபடி சொல்கிறேன், யாரும் எதிலும் படிக்காமல் கையெழுத்து போடக்கூடாது.

ஒன்று மட்டும் எனக்கு எழுதி அனுப்பு. என் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும். இரண்டாவது தடவை அந்தப் பெரியவர் வந்தபோது கேட்டுக்கு வெளியே நின்று உன்னிடம் ரொம்ப நேரம் ஏதோ பேசினார். எனக்கு உள்ளே சரியாகக் கேட்கவில்லை, கேட்கவும் நான் விரும்பவில்லை. நீ திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தாய், நானும் கேட்கவில்லை. அவர் உன்னிடம் என்ன சொன்னார், பாப்பா?

இப்படிக்கு,
அப்பா